கருப்பட்டி உடைத்த ஈயக்கட்டி

போன மாதம் நான் ஒரு மிஷினிடம் தோற்றுப்போனேன். எப்போதும்வென்றான் என்கிற ஊருக்குப் போகிற சாலையில் வைத்துத் தோற்றவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்தச் சாலையில் புதிதாக ஒரு ஈயத் தொழிற்சாலை வந்திருக்கிறது. பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கி, கட்டியாக வார்த்து விற்கிற இடம். அதே வேலையைக் கோவில்பட்டிக்கு வெளியே ஒரு பட்டறையில் இருபத்தெட்டு வருஷம் பார்த்தவள் நான். அதில் பதினெட்டு வருஷம் மேஸ்திரி. இதை யாரோ சொல்லக் கேட்டு, அங்கே பாதுகாப்பு அதிகாரியாக இருக்கும் சுமதி என்ற பிள்ளை, என்னை ஒரு நடை வந்து போகச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தாள். மாலை மரியாதை ஏதோ செய்யப் போகிறார்கள் என்று நினைத்து, பெட்டியில் கிடந்த பட்டுக்கரைச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன்.

மாலையைக் காணோம். துப்பாக்கி மாதிரி ஒரு மிஷினைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்கள். ஈயக்கட்டியின்மேல் அதை வைத்து அழுத்தினால், நாம் ரெண்டு மூச்சு விடுவதற்குள் இது சுத்த ஈயமா, வேறு உலோகம் கலந்ததா என்று எண் காட்டிவிடும்.

“பெரியம்மா, நீங்க நகத்தால கீறிப் பாத்தே சொல்லிருவீங்களாமே?” என்றாள் சுமதி.

சுற்றிலும் பத்துப் பெண்பிள்ளைகள். எல்லாரும் முகமூடியும் கையுறையும் போட்டு, கண் மட்டும் தெரிய நிற்கிறார்கள். நான் பெருவிரலை முன்னால் நீட்டி, கட்டியின் ஓரத்தில் ஒரு கீறு கீறினேன். நகம் இறங்கவில்லை. “கெட்டி ஈயம். கலப்பு இருக்கு” என்றேன். மிஷினை வைத்தார்கள். அது, சுத்தம் என்றது.

“மிஷின் வேற மாதிரி சொல்லுதே பெரியம்மா.”

“அதுக்குக் கண்ணாடியை மாத்துங்க” என்றேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து விரலைப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. ஈயத்தில் ஒரு குறையும் இல்லை. எழுபது வயதில் என் நகம்தான் வெங்காயத் தோல் மாதிரி ஆகிவிட்டிருக்கிறது.

திரும்பி வரும்போது சாப்பாட்டு அறை வாசலில் ஒரு பலகை பார்த்தேன். சிவப்பு வட்டத்துக்குள், நம்மைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும் ஒரு உள்ளங்கை. கீழே ‘கையும் முகமும் கழுவாமல் உள்ளே வராதீர்’ என்று எழுதியிருந்தது. நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

“என்ன பெரியம்மா பாக்கீங்க?”

“இந்தக் கையை எனக்குத் தெரியும்ட்டி” என்றேன்.

சுமதிக்கு விளங்கவில்லை. “அப்போ எழுதிக் குடுங்க. எங்க பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டுதேன்” என்றாள். எழுத வருமா என்று அவள் கேட்கவில்லை, கேட்டிருந்தால் கோபம் வந்திருக்கும். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. முப்பது வயதுக்கு மேல் பஸ் பலகையையும் பேட்டரிமேல் இருக்கும் பெயரையும் எழுத்துக்கூட்டிப் படித்து, அப்படியே எழுதப் பழகியவள். ஒரு பக்கம் எழுத எனக்கு ரெண்டு நாள் ஆகிறது. எழுத்துப் பிழையைச் சுமதி திருத்திக்கொள்ளலாம். சொல்லைத் திருத்தக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு ஊர் நாகலாபுரம் பக்கம். எங்களுக்கு ஏழு ஏக்கர் கரிசல் நிலம் உண்டு. மழை மட்டும்தான் கிடையாது. என் வீட்டுக்காரர் வேலிக்கருவையை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி, கோவில்பட்டியில் இருந்த அந்த ஈயப்பட்டறைக்குக் கொண்டுபோய்ப் போடுவார். ஒரு தடவை அவருக்குக் காய்ச்சல் கண்டது. நான் கரிமூட்டைகளோடு போனேன். இறக்கி முடித்தும் உடனே திரும்பாமல் உலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். குப்பைமேடு மாதிரி கிடந்த கருப்புத் தகடுகள் உள்ளே போக, இந்தப் பக்கம் வெள்ளியாக ஒழுகி வந்தது. அன்றைக்கு அங்கே நின்றவள்தான். வீட்டுக்காரர் காலமான பிறகும் அங்கேதான் நின்றேன்.

சொந்தக்காரர்களிடம், “உலோகக் கம்பெனியில மேற்பார்வை பாக்கேன்” என்று சொல்லி வைத்திருந்தேன். நிஜத்தில் முதல் ரெண்டு வருஷம் பேட்டரி உடைத்தேன். கோடாலியால் மூடியைப் பிளந்து, ஆசிட்டை ஊற்றிவிட்டு, தகடுகளை உருவி வெயிலில் காயப்போட வேண்டும். ஆசிட் பட்டுப் பட்டு என் சேலையெல்லாம் சல்லடை. ஏழு ஏக்கர் வீட்டுப் பெண்ணான நான் கல்யாண வீடுகளில் முந்தானையை மடக்கி மடக்கி ஓட்டையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

முதலாளி மைதீன் பாய். ஒல்லியான மனுஷர், எப்போதும் வெள்ளைச் சட்டை. அவர் வாப்பா காலத்திலிருந்தே ஈய வியாபாரம். அதட்டிப் பேசி நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவரிடம் மூன்று ‘சரி’ உண்டு. இழுத்துச் சொன்னால் சம்மதம். வெட்டிச் சொன்னால் கோபம். சொல்லிவிட்டுக் கைக்குட்டையை மடிக்க ஆரம்பித்தால் நமக்கு அன்றைக்குப் போதாத நாள். அந்தக் கைக்குட்டை இல்லாமல் ஒரு கட்டியைக்கூடத் தொட மாட்டார். மேஜையைக் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் போட்டிருந்தார். பட்டறைக்குள் வந்தால் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். வெளியே போகும்போது செருப்பை மாற்றிக்கொள்வார். அவருக்கு நாங்கள் இளக்காரம் என்று நான் முடிவு கட்டி வைத்திருந்தேன்.

அவருக்குக் காட்ட வேண்டும் என்றே வேலையைப் பழகினேன். முதல் உலையில் தகட்டை உருக்கினால் ஈயம் அழுக்காக வரும். அதை ஒரு பெரிய இரும்புக் கொப்பரையில் போட்டு மறுபடி காய்ச்ச வேண்டும். காய்ந்ததும் பச்சை வேப்பங்கம்பு ஒன்றை அதற்குள் முக்கிப் பிடித்தால், கம்பில் இருக்கிற ஈரம் கொதித்து ஈயம் அடியோடு புரளும், கசடெல்லாம் மேலே வரும். கம்பை மட்டும் மெதுவாக இறக்க வேண்டும். சடாரென்று இறக்கினால் மேலே தெறிக்கும். மேலே வந்த கசட்டைச் சல்லடைக் கரண்டியால் வழித்து எடுப்போம். எடுத்த இடத்தில் ஈயம் முகம் காட்டும். நீலமும் ஊதாவும் ஓடினால் சுத்தமான மெத்து ஈயம், பனி பூத்தது மாதிரி வெளுத்தால் கலப்புள்ள கெட்டி ஈயம்.

பிறகு வார்ப்பு. வார்க்கும் முன்னால் அச்சைச் சூடுகாட்டிக் காயவைக்க வேண்டும். அதில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஈயம் வெடித்து முகத்தில் அடிக்கும். இதை எல்லாரிடமும் நூறு தடவை சொன்ன நானே ஒருநாள் மறந்தேன். இடது புருவம் போயிற்று. மறுபடி முளைக்கும்வரை மையால் வரைந்துகொண்டு போனேன். வியர்வையில் அது கன்னத்துக்கு இறங்கியபோதும் ஒருத்தி வாய் திறக்கவில்லை. மேஸ்திரி என்றால் அவ்வளவு பயம்.

கட்டி ஆறியபிறகு கடைசிப் பரிசோதனை என் பெருவிரல் நகம். கீறினால் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். அதுதான் தூத்துக்குடிக் கடற்கரைக்குப் போகிற மெத்து ஈயம். மீன்வலையின் அடிக்கயிற்றில் குண்டாக வைத்து, சுத்தியலால் தட்டி மடக்குவார்கள். நகம் இறங்காவிட்டால் கெட்டி ஈயம், அது பேட்டரிக் கம்பெனிக்கு. என் நகம் பட்ட கட்டியை யாரும் மறுபடி சோதிக்க மாட்டார்கள். அந்த நகத்தை நான் எப்படிப் பேணினேன் என்கிறீர்கள்? பாத்திரம் தேய்க்கும்போது அதற்குத் துணி சுற்றிக்கொள்வேன்.

அப்படியும் ஒருநாள் கேட் இடுக்கில் மாட்டி அது பாதியில் ஒடிந்தது. இதை வெளியே சொல்வதா? இடது கை நகத்தால் கீறிப் பார்த்தேன். வலது நகம் வருஷக்கணக்கில் தேய்ந்து மெலிந்தது. இடது நகமோ சும்மா இருந்து ஆட்டுக் குளம்பு மாதிரி தடித்தது. அதற்கு எல்லா ஈயமும் மெத்தாகத்தான் தெரிந்தது. ஒரு லோடு முழுக்கக் கெட்டி ஈயத்தை மெத்து என்று கடற்கரைக்கு அனுப்பிவிட்டேன்.

பத்தாம் நாள் கடற்கரை வியாபாரி பஸ்ஸில் வந்து இறங்கினார். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். மேஜைமேல் வலைக்குண்டுகள், எல்லாம் பிளந்து கிடந்தன.

“மைதீன் அண்ணாச்சி, இது மடக்குத ஈயமா, சட்டிப்பானையா? சுத்தியலைக் காட்டுனாலே ஒடையுது. ஒங்க பட்டறையில நகம் பாக்க ஒரு அம்மா இருக்காங்களே, அவங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?”

முதலாளி என் கையைப் பார்த்தார். நான் விரலை முந்தானைக்குள் மறைத்தேன். அதுவே போதுமானதாக இருந்தது.

“சரி” என்றார், கைக்குட்டையை மடித்துக்கொண்டே. பிறகு வியாபாரியிடம், “சரக்கைத் திருப்பி எடுத்துக்கிடுதேன். பேச்சியக்காவுக்கு நகம் வளரட்டும். அதுவரைக்கும் மெத்து ஈயம் விக்கல” என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று பார்த்தால், மூன்று வாரம் நிஜமாகவே விற்கவில்லை. தினமும் காலையில், “எப்படி இருக்கு?” என்று விரலை விசாரிப்பார். திட்டியிருந்தால் ஒரே நாளில் மறந்திருப்பேன்.

இனிமேல் எழுதப்போவதற்கு எனக்குக் கை கொஞ்சம் மெதுவாகத்தான் வரும்.

பட்டறையில் நாலு மணிக்கு ஒரு ஓய்வு உண்டு. அந்த நேரம் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு துண்டு கருப்பட்டி கொடுப்பேன். தொண்டையில் இறங்கிய தூசியைக் கருப்பட்டி இழுத்துக்கொண்டு போய்விடும் என்று எங்களுக்கு நம்பிக்கை. எனக்கு முன்னால் அந்த வழக்கம் ஏனோதானோ என்று நடந்தது. நான் மேஸ்திரி ஆனதும் ஒழுங்குபடுத்தினேன். ஒருத்திகூடத் தப்ப முடியாது. கொப்பரையைவிட்டு நகர முடியாதவளுக்கு நானே போய் வாயில் ஊட்டிவிடுவேன்.

கருப்பட்டி உடைப்பதற்கென்றே ஒரு ஈயக்கட்டியை ஒதுக்கி வைத்திருந்தேன். காய்ந்த கருப்பட்டியைக் கல்லில் வைத்துத் தட்டினால் சில்லுச் சில்லாகத் தெறித்துப் பாதி மண்ணுக்குப் போகும். ஈயத்தில் வைத்துத் தட்டிப் பாருங்கள், அடியை ஈயம் வாங்கிக்கொள்ளும், கருப்பட்டி துள்ளாமல் பிளக்கும். இது நானாகக் கண்டுபிடித்தது. வேறு பட்டறைக்காரர்கள் வந்தால் செய்து காட்டுவேன். தட்டித் தட்டி அந்தக் கட்டியின் நடுவில் ஒரு குழி விழுந்திருந்தது. எல்லாருக்கும் கொடுத்தபிறகு, குழியில் கிடக்கும் தூளை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொள்வது மேஸ்திரியின் பங்கு.

முதலாளிக்கும் ஒரு துண்டு கொண்டுபோய்க் கொடுப்பேன். கைக்குட்டையில் வாங்கிக்கொண்டு, “பொறவு சாப்பிடுதேன்க்கா” என்பார். நாங்கள் கொடுத்ததை எங்கள் கண்முன் வாயில் வைக்க அவருக்குக் கூச்சம் என்று, இதையும் இளக்காரக் கணக்கில் சேர்த்தேன்.

மாரிக்கனி எங்கள் பட்டறையில் வார்ப்புக்காரி. நீளக் காம்பு போட்ட இரும்பு அகப்பையில் ஈயத்தை மொண்டு, நடுவில் நிறுத்தாமல், ஒரே கோடாக அச்சில் ஊற்றுவாள். அவள் வார்த்த கட்டியில் மடிப்பு இருக்காது. அவள் புருஷன் தங்கவேலுக்கு மணியாச்சியில் ரயில் பாதை வேலை, வீடும் அங்கேதான். தினமும் காலை ரயிலில் வந்து சாயங்கால ரயிலில் போவாள். “ஏட்டி, ஒனக்கு மட்டும் ஈயம் சொன்னபடி கேக்குதே, என்ன மருந்து வச்சிருக்க?” என்று கேட்டால், “ஒங்க கருப்பட்டிதான்க்கா” என்பாள். எனக்குத் தலைகால் புரியாது. அவளுக்கு மட்டும் ரெண்டு துண்டு.

ஒரு ஐப்பசியில் அவளுக்கு வயிற்றுவலி கண்டது. முறுக்கிப் பிழிகிற வலி, நாலைந்து நாள் வெளிக்குப் போகவில்லை. நான் விளக்கெண்ணெய் கொடுத்தேன். சூடு என்றேன், குடல் ஏற்றம் என்றேன், கண் பட்டிருக்கிறது என்று மிளகாய் சுற்றிப் போட்டேன். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. சத்து இல்லை என்று கண்டுபிடித்து, மூன்று துண்டு கருப்பட்டி ஆக்கினேன்.

தை பிறந்து ஒருநாள் காலை. அகப்பையைக் கொப்பரைக்குள் விட்டவள் அதைத் தூக்கவில்லை.

“ஏட்டி மாரி, என்ன நிக்க? வளையல் கனக்குதோ?” என்று கேட்டேன். நாலு பேர் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. “யக்கா, கை எந்திரிக்க மாட்டேங்குது” என்றாள்.

இழுத்துப் பார்த்தாள். அகப்பை சரிந்து ஈயம் தரையில் ஓடியது. சேலை நுனி கருகியதோடு அவள் தப்பித்தாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்துப் பார்த்தேன். விரல் மடங்குகிறது, முழங்கை அசைகிறது, மணிக்கட்டு மட்டும் நிமிரவில்லை. வெயிலில் வாடிய பூசணி இலை மாதிரி அப்படியே தொங்கியது. நான் தூக்கி நிறுத்தினால் நின்றது. விட்டால் விழுந்தது.

வாதம் என்று எண்ணெய் தேய்த்தோம். ஒரு வாரத்தில் இடது கையும் லேசாகச் சாய ஆரம்பித்ததும், தங்கவேலு அவளைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தான். மேஸ்திரி என்ற முறையில் நானும் போனேன்.

சின்ன வயசு டாக்டரம்மா. மாரியின் கையைப் பார்த்தாள், உதட்டைப் புரட்டி ஈறைப் பார்த்தாள். என்ன வேலை என்று கேட்டாள். மாரி வாய் திறக்கும் முன்னால் நான் ஆரம்பித்துவிட்டேன்.

“ஈயப்பட்டறைம்மா. ஆனா நம்ம இடத்துல ஆளுகளை நல்லாக் கவனிச்சுக்கிடுவோம். தூசிக்குன்னு தெனமும் நாலு மணிக்குக் கருப்பட்டி உண்டு. நானே என் கையால குடுக்கேன்.”

“கையைக் கழுவிட்டுக் குடுப்பீங்களா?”

“மூணு மணிக்கு உலை, நாலு மணிக்குக் கருப்பட்டி. நடுவுல எங்கனம்மா கழுவ? சேலையில தொடச்சிக்கிடுவேன்.”

“அந்தச் சேலையும் பட்டறைச் சேலைதானா?”

“ஆமா.”

அவள் எழுதிக்கொண்டே கேட்டாள். “கருப்பட்டியை எதுல வச்சு உடைப்பீங்க?”

இதைக் கேட்க ஒரு ஆள் வராதா என்றுதானே இத்தனை வருஷம் காத்திருந்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன். “ஈயக்கட்டியிலதான். கல்லுன்னா தெறிக்கும். ஈயம் பாருங்க, மெத்துன்னு அடியை வாங்கிக்கிடும். ஒரு பொடி வீணாப் போகாது. அடியில கெடக்கதைக்கூட நான் வழிச்சுத் தின்னுருவேன்.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“ஈயம் விஷம்மா” என்றாள். “புகையில போறது ஒரு பங்குன்னா, சாப்பாட்டோட வயித்துக்குள்ள போறது அதுக்கு மேல. வயித்துவலி, ரத்தம் வெளுத்தது, கை விழுந்தது எல்லாம் அதாலதான். நீங்க வாயைத் திறங்க.”

நான் திறந்தேன். அவள் ஒரு சின்னக் கண்ணாடியைக் காட்டினாள். ஈறும் பல்லும் சேருகிற இடத்தில் மை தீட்டினது மாதிரி ஒரு நீலக் கோடு. வெற்றிலைக் கறை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது. மாரிக்கும் அதே கோடு இருந்தது. அவளுக்கு வெற்றிலைப் பழக்கமே கிடையாது.

சுவரோரம் நின்ற தங்கவேலு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். “கை திரும்புமா டாக்டர்?” என்றான். இனி ஈயத்துப் பக்கமே போகக்கூடாது, மருந்தும் பயிற்சியும் விடக்கூடாது, மாசக்கணக்கில் ஆகும், திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றாள். மாரி தன் ரெண்டு கையையும் மடியில் வைத்து, யாரோ கொடுத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் பிடித்து நேரே வேப்பமரத்தடிக்குப் போனேன்.

“மொதலாளி, ஈயம் விசம்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே கருப்பட்டித் துண்டுகள். காய்ந்தது, பூஞ்சை பூத்தது, எறும்பு அரித்துப் பாதியானது. நான் ஆசையாகக் கொடுத்ததெல்லாம் வரிசையாகக் கிடந்தன.

“விசம்னு எனக்கு நெசமாத் தெரியாதுக்கா. பட்டறைக்குள்ள பச்சத்தண்ணிகூட வாயில வைக்காதன்னு எங்க வாப்பா சொன்னாவ. ஏன்னு நானும் கேக்கல, அவியளும் சொல்லல. அப்படியே இருந்துட்டேன்.”

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“நீங்க அவ்வளவு பிரியமாக் குடுக்கீங்க. வேண்டாம்னு எப்படிச் சொல்ல? மனசு சங்கடப்படுவீங்களேன்னு…”

“அதுக்கு மாரி கையைக் குடுத்துட்டாளே மொதலாளி!”

அவர் கைக்குட்டையை எடுத்தார். மடிக்கவில்லை. வெறுமனே கையில் வைத்துக்கொண்டிருந்தார். நான் அவரை இன்னும் நிறையக் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்கக் கேட்க, ஊட்டிவிட்ட கை என்னுடையது என்பது எனக்கே கேட்டுக்கொண்டிருந்தது. மரியாதை பார்த்து அவர் வாயை மூடினார். மரியாதை கிடைக்கிறது என்று நான் எல்லார் வாயையும் திறந்தேன்.

மாரியின் வைத்தியத்தை அவர் ஏற்றுக்கொண்டார். ஒரு வாரம் உலையை நிறுத்தினோம். கேட்டுக்கு வெளியே நாலு குழாய் வைத்தோம், சோப்பு வைத்தோம், சாப்பிட ஒரு கொட்டகை போட்டோம். எல்லாருக்கும் ரத்தம் சோதித்தார்கள். மாரிக்கு அடுத்தபடி ஈயம் அதிகம் என் ரத்தத்தில்தான். அதிலும் முதல் இடம் கிடைக்கவில்லை.

கருப்பட்டி உடைத்த ஈயக்கட்டியை என்ன செய்வது என்று தெரியாமல் நானே தூக்கிக்கொண்டுபோய்க் கொப்பரையில் போட்டேன். கருப்பட்டி கருகுகிற வாசனை வந்தது, பிறகு அதுவும் ஈயத்தோடு ஈயமாயிற்று. நாலு மணி ஆனதும் பிள்ளைகள் பழக்கத்தில் கையை நீட்டினார்கள். “போய்க் கழுவுங்கட்டி!” என்று கத்தினேன். “நேத்துவரைக்கும் ஊட்டுனீங்க, இன்னைக்கு வெரட்டுதீங்க” என்று முனகிக்கொண்டே போனார்கள். பேசினால் பேசட்டும் என்று குழாயடியில் கம்போடு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ரயிலேறி மணியாச்சிக்குப் போனேன். முதல் வாரம் தங்கவேலு வாசலிலேயே மறித்தான்.

“வாங்க மேஸ்திரியம்மா. இன்னைக்கு என்ன கொண்டாந்திருக்கீங்க, ஊட்டிவிட?”

அவனைத் தாண்டி உள்ளே போய், மாரிக்குத் தலை வாரிப் பின்னிவிட்டு, துணியைத் துவைத்துப் போட்டுவிட்டு வந்தேன். அடுத்த வாரமும் போனேன். அவன் பேசவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். மாரியின் ரெண்டு மணிக்கட்டுக்கும் கீழே பட்டை வைத்துக் கட்டியிருக்கும். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சிக்காகக் கட்டை அவிழ்த்து, மேஜைமேல் கையை வைத்து, ‘எந்திரி, எந்திரி’ என்று அதனிடம் சொல்லுவாள். பங்குனி போயிற்று. இடது கை மெல்ல நிமிர்ந்தது. அகப்பை பிடித்த வலது கை அசையவில்லை. சித்திரையும் போயிற்று.

“திரும்பலைன்னா என்னக்கா செய்ய?” என்று ஒருநாள் கேட்டாள். “ஒனக்கு நான் பொங்கிப் போடுதேன்” என்றேன். “நீங்க பொங்குனா அதை எப்படித் திங்க?” என்று சிரித்தாள். அவள் சிரித்தது எனக்கு ஆறுதலாக இருந்ததா, அறைந்தது மாதிரி இருந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு. முதல்நாள் ஏற்றிய உலை அணைந்துவிட்டதா என்று பட்டறைக்கு ஒரு எட்டுப் போய்ப் பார்த்தேன். சல்லடைக் கரண்டி வெளியே கிடந்தது, எடுத்து மாட்டினேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. வழியில் கடலைமிட்டாய் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு ஓடிப்போய் ஏறினேன்.

மாரி முற்றத்தில் கட்டை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். தங்கவேலு கொஞ்சம் தள்ளி, என்னைப் பார்க்காத பக்கமாகத் திரும்பி டீ குடித்துக்கொண்டிருந்தான். நான் பொட்டலத்தைப் பிரித்து, கடலைமிட்டாயில் ஒரு ஓரத்தை ஒடித்து, பத்துப் பதினைந்து வருஷமாகப் பழகின பழக்கம், “இந்தாட்டி, ஆ காட்டு” என்று அவள் வாய்க்குக் கொண்டுபோனேன்.

அவள் கண் என் விரலுக்குப் போயிற்று. நகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறமாகக் கோடு.

“நில்லுங்கக்கா!” என்றாள். “மொதல்ல போய்க் கையைக் கழுவுங்க!”

வலது கை என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. உள்ளங்கை என்னைப் பார்த்து, விரலெல்லாம் மேலே.

எனக்குப் புரியவில்லை, அவளுக்கும் புரியவில்லை. திட்டு வாங்கிய வெட்கத்தில் நான் நிற்கிறேன், திட்டின வேகத்தில் அவள் இருக்கிறாள். தங்கவேலுதான் டம்ளரைக் கீழே வைத்தான்.

“ஏட்டி… கை.”

மாரி பார்த்தாள். கை நடுங்கியது. நடுங்கினாலும் விழவில்லை. கொஞ்சம் தணிந்து, பிறகு மறுபடியும் நிமிர்ந்து நின்றது.

“இன்னொரு தடவை காட்டு. நெசமா நிக்குதா, இன்னொரு தடவை காட்டுட்டி” என்று அவன் அவள் பக்கத்தில் போய் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான்.

நான் அங்கே நிற்கவில்லை. சொன்ன வேலையைச் செய்வோம் என்று கொல்லைக் குழாயடிக்குப் போனேன். முழங்கை வரை நனைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் தங்கவேலு குரல், அத்தனை மாசத்துக்கு அப்புறம் எனக்கென்று வந்தது.

“மேஸ்திரியம்மா, சோப்பு வேணுமா?”

கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். ரெண்டு தடவை கை கழுவினேன். மூன்றாவது முகத்தைக் கழுவினேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. இதை வாசிக்கிற பிள்ளைகளும் கேட்க வேண்டாம்.